புல்லட்டின் கியர் பாக்ஸ்: வலது காலிலிருந்து இடது காலுக்கு

ஸ்பிளெண்டரோ பல்சரோ ஓட்டிப் பழகிய ஒருவர், 1980களில் வாங்கிய புல்லட் ஒன்றை முதன்முறையாக எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முனையில் ஒரு மாடு குறுக்கே வருகிறது. பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்துகிறார். வண்டி நிற்காது. கியர் மாறும், அதுவும் மேல் கியருக்கு! ஏனென்றால் அந்தப் புல்லட்டில் பிரேக் இருப்பது இடது காலில், கியர் இருப்பது வலது காலில். முதல் கியருக்கு மட்டும் லீவரை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அமுக்க வேண்டும். மாடு ஒதுங்கினால் பிழைத்தார்.

இந்த வலது, இடது குழப்பம் பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத விஷயம் வேறு ஒன்று உண்டு. அந்த வலது கால் கியர் பாக்ஸை ஒரு வருட வண்டியிலிருந்து கழற்றி, இருபது வருடம் தள்ளிப் பிறந்த இன்னொரு வண்டியில் மாட்ட முடியும். கார் உலகத்தில் இரண்டு வருட வித்தியாசம் உள்ள மாடல்களுக்குள்ளேயே கியர் பாக்ஸ் பொருந்தாமல் போவது சகஜம். புல்லட்டில் இது எப்படிச் சாத்தியமானது, பிறகு ஏன் முடியாமல் போனது என்பது ஒரு மோட்டார் சைக்கிளின் கதை மட்டுமல்ல, ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கதையும்கூட.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல, வியாபாரமும்தான். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் பலவும் கியர் பாக்ஸைத் தாங்களே செய்யவில்லை, வெளியில் வாங்கின. பர்மன், ஸ்டர்மி ஆர்ச்சர், ஆல்பியன் என்று கியர் பாக்ஸுக்கென்றே கம்பெனிகள் இருந்தன. ரெட்டிச் நகரத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு, பர்மிங்ஹாமின் ஆல்பியனிடம் வாங்கியது. விலைக்கு வாங்கிப் பொருத்தும் பொருள் தனிப் பெட்டியாகத்தானே இருக்க முடியும்?

புல்லட் என்ற பெயர் 1932லேயே வந்துவிட்டாலும், நமக்குத் தெரிந்த புல்லட் 1949ல் விற்பனைக்கு வந்த 350 சிசி வண்டிதான். பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த சஸ்பென்ஷன் அந்தக் காலத்தில் பெரிய புதுமை. கியர் பாக்ஸிலும் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பிரைமரி செயின் தொய்ந்தால் கியர் பாக்ஸையே பின்னால் நகர்த்தி இறுக்க வேண்டும். புல்லட்டில் கியர் பாக்ஸை எஞ்சின் கேஸின் முதுகோடு ஒட்டி, ஸ்டட் வைத்து நட்டுப் போட்டு முடுக்கிவிட்டார்கள். செயினை இறுக்க உள்ளேயே ஒரு டென்ஷனர் வைத்தார்கள். ஆக, பார்க்க ஒரே உடம்பு மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பானர் எடுத்தால் இரண்டாகப் பிரியும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஸ்டட்டுகள்தான் ஆதாரம்.

சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தது. தொடர்ந்து 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்தவற்றை இங்கே பூட்டினார்கள். 1957ல் பாகங்கள் செய்வதற்கான கருவிகளையே ரெட்டிச் இங்கே விற்றது. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின, கியர் பாக்ஸ் உட்பட. ஆல்பியன் வடிவமைத்த பெட்டி இப்படித்தான் திருவொற்றியூர்க்காரன் ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956ல் ரெட்டிச்சில் கிரூசேடர் என்ற 250 சிசி வண்டியை வெளியிட்டார்கள். அதில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கேஸுக்குள் இருந்தன. அதாவது, பழைய முறை வண்டி சென்னையில் வேர் பிடித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், தாய் வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது, 1970ல் மிச்சமிருந்ததும் போனது. சென்னையில் இருந்த பழசு மட்டும் பிழைத்தது. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

பிழைத்த வண்டி மாறவும் இல்லை. லைசென்ஸ் ராஜ்ய காலம் அது. புது மாடல் கொண்டுவரவும், வெளிநாட்டு இயந்திரம் வாங்கவும், உற்பத்தியைக் கூட்டவும் அரசாங்க அனுமதி வேண்டும். போட்டிக்கு ராஜ்தூத்தும் ஜாவாவும் (பின்னாளில் யெஸ்டி) தவிரப் பெரிதாக யாரும் இல்லை. புக் செய்துவிட்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கும் கூட்டம் இருக்கும்போது எந்த முதலாளி டிசைனை மாற்றுவார்? புல்லட் மாறாமல் இருந்ததைப் பாரம்பரியம், பற்று என்றெல்லாம் பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மாற்ற வேண்டிய அவசியமும் மாற்றப் பணமும் இல்லாமல் இருந்தது என்பது மீதிப் பாதி.

காரணம் எதுவானாலும் லாபம் மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும்தான். நான்கு கியர் பெட்டி பல பத்தாண்டுகளுக்கு அடிப்படையில் அப்படியே தொடர்ந்தது. 1989ல் 500 சிசி புல்லட் வந்தபோதும் அதே குடும்பத்துப் பெட்டிதான். ஆகவே புதுப்பேட்டையில் உடைத்த ஒரு வண்டியின் கியர் பாக்ஸ் எந்த வருடத்தையது என்பதைவிட, உள்ளே பல் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியக் கேள்வியாக இருந்தது. மெயின் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார்கள். கியர்கள் ஒன்றையொன்று கவ்வும் பற்களின் முனை மழுங்கியிருந்தால், ஓடும்போது கியர் துள்ளி வெளியே வந்துவிடும். கிக்கர் வழுக்குகிறதா, புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறதா, ஆயிலில் வெள்ளிப் பொடி மாதிரி மினுக்குகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. பெட்டியை வண்டியிலிருந்து கழற்றாமலேயே, வலது பக்க மூடிகளைத் திறந்து உள்ளே இருக்கும் கியர்களில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்துவிடலாம். எனவே பல சமயம் பெட்டி அதே பெட்டியாக இருக்கும், குடல் மட்டும் வேறு வண்டியினுடையதாக இருக்கும். 1960களில் பிறந்த ஒரு வண்டிக்குள் எத்தனை வண்டிகளின் பாகங்கள் இருக்கின்றன என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது!

எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. திருகு மரைகள் பிரிட்டிஷ் அளவில் தொடங்கி, வருடம் செல்லச் செல்லக் கொஞ்சம் கொஞ்சமாக மெட்ரிக் அளவுக்கு மாறின. ஒரே நாளில் மாறியிருந்தால் பிரச்சினை இல்லை. படிப்படியாக மாறியதால், ஒரே வண்டியிலேயே இரண்டு அளவும் கலந்து கிடக்கும். பழைய நட்டு புது ஸ்டட்டில் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். அவசரக்காரர் நீளமான ஸ்பானர் போட்டு இறுக்கினால் மரை போச்சு. செயின் ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையும் 350க்கும் 500க்கும் வேறுபடும். 500ன் பெட்டியை அப்படியே 350ல் மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அந்த ஸ்பிராக்கெட்டை மாற்ற வேண்டுமென்றால் பிரைமரி கவர், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். பெட்டி மாட்டும்போதே பார்த்திருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம்.

இந்தப் பெட்டியின் குணங்களையும் சொல்லியாக வேண்டும். நல்ல குணம், நியூட்ரல் ஃபைண்டர். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர். நான்காவதிலோ மூன்றாவதிலோ இரண்டாவதிலோ இருக்கும்போது, கிளட்ச் பிடித்து அதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். சிக்னலில் இதைவிட வசதி கிடையாது. கெட்ட குணம், பொய் நியூட்ரல். கியர் விழுந்துவிட்டது என்று நினைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் அலறும். பெட்டிக்கு வெளியே இருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஒரு தகட்டை இம்மி அளவு நகர்த்தி இதைச் சரிசெய்வார்கள். அந்த இம்மி எவ்வளவு என்பது புத்தகத்தில் எழுதிப் புரிய வைக்க முடியாத விஷயம். மெக்கானிக்கின் பெயர் அதில்தான் இருந்தது.

கியர் பாக்ஸ் தனியாக இருந்ததால் எதிர்ப்பக்க மாற்றமும் சாத்தியமானது. அதாவது பெட்டி அப்படியே இருக்க, எஞ்சினை மாற்றுவது. பம்ப் செட்டுக்குப் போடும் சின்ன டீசல் எஞ்சினைப் புல்லட் சட்டத்தில் ஏற்றி, அதன் பின்னால் புல்லட் கியர் பாக்ஸையே கோர்த்துப் பலர் ஓட்டினார்கள். கம்பெனியே 1993ல் டாரஸ் என்று ஒரு டீசல் புல்லட்டை வெளியிட்டது. 325 சிசி, சுமார் 6.5 குதிரை சக்தி. வேகம் கிடையாது, நடுக்கம் உண்டு, மைலேஜ் மட்டும் மனதைக் குளிர வைக்கும். புகை விதிகள் இறுகியதும் அது போய்விட்டது.

1980களின் நடுவில் உலகம் மாறியது. 1984ல் இந்த் சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானிய வண்டிகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் கியர் இடது காலில், எஞ்சினும் கியரும் ஒரே கேஸில். இடது கால் கியர் என்பது அதற்குப் பத்து வருடம் முன்பே உலக வழக்கமாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பக்கம் கியர் வைத்தால் வண்டி மாற்றி ஓட்டுபவர்கள் விபத்தில் சிக்குவார்கள் என்று, அமெரிக்க அரசு 1975 மாடல்களிலிருந்து இடது காலில்தான் கியர் இருக்க வேண்டும் என விதி செய்தது. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த டிரையம்ஃபும் நார்ட்டனும் வேறு வழியின்றி மாறின. அந்த விதி சென்னையைத் தொடவில்லை. (நம் ஊர் யெஸ்டியில் கியர் லீவர் முன்பே இடதுபுறம்தான். அந்த லீவரையே மடக்கித் திருப்பினால் கிக்கர் ஆகும். அது தனி அதிசயம்.)

ஒரு தலைமுறையே இடது காலில் கியர் பழகி வளர்ந்துவிட்டது. 1990ல் என்ஃபீல்டு இந்தியாவில் கால் வைத்த ஐஷர் நிறுவனம், 1994ல் அதை முழுதாக எடுத்துக்கொண்டு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் மாற்றியது. 2000 வாக்கில் நிலைமை மோசம். மாதம் சுமார் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய நிறுவனம் 2,000 அளவில்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்றுகூட ஐஷர் நிர்வாகம் யோசித்தது. அப்போது பொறுப்பேற்ற இளைஞர் சித்தார்த்த லால், ஜெய்ப்பூரில் இருந்த தொழிற்சாலையை மூடிச் செலவைக் குறைத்துவிட்டு, வண்டியில் கை வைத்தார். கை வைத்த இடங்களில் ஒன்று கியர்.

கணக்குப் பாடத்தில் வரும் கேள்வி போன்ற சங்கடம் இது. இடது பக்கம் மாற்றாவிட்டால் புது வாடிக்கையாளர் வர மாட்டார். மாற்றினால் பழைய வாடிக்கையாளர் கோபிப்பார், அதாவது ஊர் ஊராகப் போய்ப் புல்லட்டைப் பற்றி இலவசமாக விளம்பரம் செய்பவர் கோபிப்பார். கம்பெனி இரண்டு பக்கமும் கால் வைத்தது. 2002ல் தண்டர்பேர்டு ஐந்து கியரோடு வந்தது. எலக்ட்ரா என்ற ஒரே பெயரில் 4எஸ், 5எஸ் என இரண்டு விதமாக விற்றார்கள். முதலாவதில் நான்கு கியர், வலது கால். இரண்டாவதில் ஐந்து கியர், இடது கால். ஷோரூமில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் பிரேக் எதிரெதிர்ப் பக்கம்!

மெக்கானிக்குகளுக்கு இது ஒரு புது வாசலைத் திறந்தது. 5எஸ்ஸில் இருந்ததும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்தான். அதன் முதுகில் ஐந்து கியர் பெட்டி உட்காருகிறது என்றால், பழைய புல்லட்டின் முதுகிலும் உட்கார வேண்டுமே? உட்கார்ந்தது. ஆனால் நான்குக்கு நான்கு மாற்றுவது போலச் சுலபமாக இல்லை. கிளட்ச் உட்காரும் இடம் ஒத்துப்போகவில்லை என்பதால், பெட்டி வாங்குபவர் அதன் கிளட்ச்சையும் சேர்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். பிரைமரி செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று அளந்து பார்க்காமல் மூடினால், செயினும் ஸ்பிராக்கெட்டும் சீக்கிரமே தேய்ந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை பிரேக். கியர் இடதுபுறம் வந்துவிட்டால், அங்கே இருந்த பிரேக் பெடல் வலதுபுறம் போக வேண்டும். பெடல், அதன் தாங்கி, பின் சக்கரம் வரை போகும் கம்பி என்று எல்லாவற்றுக்கும் புது ஏற்பாடு. கியர் பாக்ஸில் தவறு செய்தால் வண்டி வழியில் நிற்கும். பிரேக்கில் தவறு செய்தால் நிற்காது. பெட்டி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, பிரேக் வேலைக்கு மிச்சம் பிடித்தவர்கள் செய்தது முட்டாள்தனம் என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இதெல்லாம் படவில்லை. ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பர் உண்டு, சேஸிஸ் நம்பர் உண்டு, கியர் பாக்ஸுக்கு நம்பர் கட்டமே கிடையாது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். கியர் பாக்ஸை மாற்றினால் மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்தால் போதும். பழைய கியர் பாக்ஸ் வியாபாரம் இவ்வளவு தடையில்லாமல் நடந்ததற்கு ஸ்டட்டுகள் எவ்வளவு காரணமோ, இந்தக் காலிக் கட்டமும் அவ்வளவு காரணம்.

அந்தச் சுதந்திரத்துக்கு முடிவு கட்டியது யூசிஇ எஞ்சின். எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே கேஸுக்குள். வெளிநாட்டில் 2008லும் இந்தியாவில் 2009லும் வந்தது. அதே வருடம் வந்த கிளாசிக் மாடல் கம்பெனியின் தலையெழுத்தையே மாற்றியது. புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2010ல் வார்ப்பிரும்பு எஞ்சினும், அதோடு வலது கால் நான்கு கியரும் உற்பத்தியிலிருந்து நீங்கின. ஆயில் ஒழுக்கு குறைந்தது, பொய் நியூட்ரல் தொல்லை தீர்ந்தது, மாதக் கணக்கில் காத்திருந்து வாங்கும் கூட்டம் மறுபடி வந்தது. லாப நஷ்டக் கணக்கில் பார்த்தால் இந்த முடிவைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனால் வண்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. கியர் இப்போது எஞ்சின் நம்பர் அடித்த கேஸுக்குள் குடியிருக்கிறது. உள்ளே ஒரு பல் உடைந்தாலும் எஞ்சினை இறக்கிக் கேஸைப் பிளக்க வேண்டும். கேஸே சேதமானால் அது எஞ்சின் மாற்றம், ஆர்.சி. புக் வரைக்கும் போகும் விவகாரம். அதன் பிறகு 2020ல் மீட்டியோரில் அறிமுகமான ஜே எஞ்சின், 2021ல் கிளாசிக்குக்கும் 2023ல் புல்லட்டுக்கும் வந்தது. அது யூசிஇயோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத வேறு டிசைன். 2015 கிளாசிக்கின் கியரை 2022 கிளாசிக்கில் போட வழியே இல்லை. ஏழு வருட இடைவெளி. பழைய பெட்டியோ அரை நூற்றாண்டைத் தாண்டி ஒரே ஸ்டட்டுகளில் உட்கார்ந்திருந்தது.

பழைய பெட்டிகளுக்கு விலை இறங்கவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் காலத்துப் புல்லட்டை வைத்திருப்பவர்கள் நான்கு கியரில் அலுத்துப்போய் ஐந்து கியருக்கு மாற ஆசைப்படுகிறார்கள், ஆனால் கியர் வலது காலிலேயே இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம். அவர்களுக்காகவே ஐந்து கியர் பெட்டியை வலது கால் லீவரோடு உதிரிபாகக் கடைகள் அங்கே விற்கின்றன. ஆல்பியனிடமிருந்து சென்னைக்கு வந்த பெட்டி, ஒரு கியர் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, 1950களின் ரெட்டிச் எஞ்சின் முதுகில் மறுபடி உட்காருகிறது.